விளக்கெண்ணெயில் தொடங்கிய பைக் ஆயில் கதை: யார் இந்த சார்லஸ் வேக்ஃபீல்டு?

பைக்கை சர்வீஸுக்கு விடப் போனால், எந்த ஆயில் ஊத்தட்டும் என்று மெக்கானிக் கேட்பார். நல்ல ஆயிலா பார்த்து ஊத்துங்க என்று சொல்லிவிட்டு, பாதிப் பேர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப் பேர் கடை அலமாரியைப் பார்த்து முழிப்பார்கள். சிவப்பு டப்பா, பச்சை டப்பா, ரேஸ் பைக் படம் போட்ட டப்பா, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று ஏதேதோ எண்கள்.

நல்ல ஆயில் என்றால் எது? விலை அதிகமானதா? ரேஸில் ஜெயித்ததா? நண்பன் ஊற்றியதா?

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிறது. அதை வைத்தே கம்பெனி தொடங்கி, அதிலேயே பெரும் பணக்காரர் ஆனவர் பிரிட்டனைச் சேர்ந்த சார்லஸ் சீயர்ஸ் வேக்ஃபீல்டு. 1920, 30-களில் லண்டன் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் இது. இன்று அவரை நம்மூரில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கம்பெனி தன் ஆயிலுக்கு வைத்த பெயர் பைக் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்: காஸ்ட்ரோல்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதற்கேற்ற ஆயில் வேண்டும் என்பதை வியாபாரமாக மாற்றியவர்களில் முக்கியமானவர் வேக்ஃபீல்டு. அதே நேரத்தில், ரேஸையும் சாகசத்தையும் காட்டி ஆயில் விற்கும் வழியைப் பெரிதாக்கியவரும் அவர்தான். இன்று ஆயில் கடையில் நிற்கும்போது வரும் குழப்பத்துக்கும், அதிலிருந்து வெளியே வரும் வழிக்கும் அவர் வாழ்க்கையில் தடயம் இருக்கிறது.

லிவர்பூலில் இருந்து லண்டனுக்கு

வேக்ஃபீல்டு 1859 டிசம்பர் 12-ம் தேதி இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பிறந்தார். அப்பா சுங்கத் துறையில் வேலை பார்த்தவர். பணக்காரக் குடும்பம் கிடையாது. படிப்பு முடிந்ததும் எண்ணெய் வியாபாரத்துக்குள் நுழைந்தார் வேக்ஃபீல்டு. பிறகு வேக்யூம் ஆயில் என்ற அமெரிக்க கம்பெனியில் சேர்ந்து லண்டனுக்கு வந்தார்.

அது ரயிலும் நீராவி இயந்திரமும் கோலோச்சிய காலம். அன்று ஆயில் வியாபாரம் என்றால் ரயில்வேக்கும் மில்களுக்கும் கப்பல்களுக்கும் எண்ணெய் விற்பதுதான். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் ஒத்துவராது.

ஒரு ரயில் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். நீராவி உள்ளே புகுந்து பிஸ்டனைத் தள்ளும் சிலிண்டரில் சூடு அதிகம். அங்கே கெட்டியான எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் நீராவியே அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். சக்கரத்தின் அச்சுக்கு அவ்வளவு கெட்டி தேவையில்லை. அங்கே சூடு குறைவு, பாரம்தான் அதிகம். இன்ஜின் ஒன்றுதான், எண்ணெய் வேறு வேறு. மாற்றி ஊற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசி, பாகம் தேய்ந்து, கடைசியில் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

இந்தக் கணக்கோடு வளர்ந்தவர் வேக்ஃபீல்டு. எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது போகப் போகும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை.

நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு ரிஸ்க்

1899-ல், நாற்பது வயதைத் தொடப்போகும் நேரத்தில், நல்ல வேலையை விட்டுவிட்டு சொந்தமாக சி.சி.வேக்ஃபீல்டு அண்ட் கோ என்ற கம்பெனியை லண்டனில் தொடங்கினார். வேக்யூம் ஆயிலில் கூட வேலை பார்த்த எட்டு பேர் அவரை நம்பி வேலையை விட்டு வந்தார்கள். புதுக் கம்பெனி, நிச்சயமில்லாத சம்பளம், எதிரே பழைய முதலாளியே போட்டியாளர். அப்படி இருந்தும் எட்டு பேர் வந்தார்கள் என்றால், மனுஷன் பேச்சிலும் பழக்கத்திலும் லேசுப்பட்டவர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் ரயில்களுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் ஆயில் விற்றார்கள். ஆயிலோடு சேர்த்து, அதை இன்ஜினின் பாகங்களுக்கு அளவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் லூப்ரிகேட்டர் கருவிகளும் அவர்கள் வியாபாரத்தில் இருந்தன. பிரிட்டிஷ் ரயில் இன்ஜின்கள் பலவற்றில் வேக்ஃபீல்டு பெயர் தாங்கிய லூப்ரிகேட்டர்கள் பொருத்தப்பட்டன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சரியான இடத்துக்கு, சரியான அளவில், சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. இன்றைய பைக்கில் அந்த வேலையை இன்ஜினுக்குள் இருக்கும் சின்ன ஆயில் பம்ப் செய்கிறது.

காரும் விமானமும் கொண்டுவந்த தலைவலி

1900-களின் தொடக்கத்தில் உலகம் மாறத் தொடங்கியது. பெட்ரோல் இன்ஜின் வந்தது. கார், மோட்டார் சைக்கிள், பிறகு விமானம். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். 1907-ல் மேன் தீவில் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. 1909-ல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினார்.

இந்த இன்ஜின்கள் நீராவி இன்ஜின் மாதிரி நிதானமாக ஓடுபவை இல்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றின. உள்ளே பெட்ரோல் வெடித்து எரிகிறது. சூடு கடுமையாக ஏறுகிறது. ரயிலுக்கு ஓடிய ஆயிலை இதில் ஊற்றினால் இரண்டு விதமாகச் சிக்கல் வந்தது.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருந்தால், பாகங்களுக்கு உடனே போய்ச் சேராது. அந்தச் சில நொடிகளில் உலோகம் காய்ந்தபடி உரசும். சரி என்று தண்ணீர் மாதிரி ஓடும் ஆயிலைப் போட்டால், இன்ஜின் சூடானதும் அது இன்னும் நீர்த்துப்போய், பாகங்களுக்கு இடையே இருக்க வேண்டிய மெல்லிய படலம் கிழிந்துவிடும்.

அதாவது, குளிரில் ஓடவும் வேண்டும், சூட்டில் நிற்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு குணங்கள். இதுதான் வேக்ஃபீல்டின் ஆட்கள் முன் இருந்த பிரச்சினை. இன்றைக்கும் பைக் ஆயில் தயாரிப்பவர்களின் முக்கியமான பிரச்சினை இதேதான்.

இன்ஜினுக்குள் போன விளக்கெண்ணெய்

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் தாது எண்ணெயோடு அவர்கள் சேர்த்துப் பார்த்தது, தமிழ்நாட்டில் பாட்டிமார் குழந்தைகளுக்கு வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையில் எடுப்பது. ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில். அந்தப் பெயரில் இருந்துதான் காஸ்ட்ரோல் என்ற பெயர் வந்தது. ஆண்டு 1909.

விளக்கெண்ணெயில் அப்படி என்ன விசேஷம்? கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்ற சமையல் எண்ணெய்களைவிடக் கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும். அதில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தால் ஆனது. இதன் மூலக்கூறு அமைப்பால் எண்ணெய் உலோகப் பரப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சூடு ஏறினாலும் படலம் சட்டென்று கிழியாது.

குளிரிலும் அது சமாளிக்கும். மார்கழி மாசத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக உறைந்து நிற்கும். விளக்கெண்ணெய் அப்படி உறையாது. ஐரோப்பியக் குளிரில் விமானத்தை மேலே கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு குணமும் கைகொடுத்தது. விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதாகக் கரையாது. முதல் உலகப் போர் கால விமானங்களில் ரோட்டரி இன்ஜின் என்று ஒரு வகை இருந்தது. இன்ஜின் முழுவதுமே புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகவே போகும். சாதாரண ஆயில் என்றால் பெட்ரோல் அதைக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் தாக்குப்பிடித்தது. உள்ளே போன ஆயில் திரும்ப வராது. வேலையை முடித்துவிட்டு, புகையோடு சேர்ந்து வெளியே பீச்சி அடிக்கும். பைலட்டுகள் முகமெல்லாம் விளக்கெண்ணெய் படிந்து இறங்கினார்கள். அதைச் சுவாசித்தும் விழுங்கியும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டதாகக் கதைகள் உண்டு.

ஆமணக்கு விதைக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. இன்றும் உலகில் அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான், குறிப்பாக குஜராத்தில். வேக்ஃபீல்டு கம்பெனியின் ஆயில் 1910-லேயே இந்தியாவுக்கு இறக்குமதியாகத் தொடங்கிவிட்டது.

மேயர் ஆன ஆயில் வியாபாரி

கம்பெனி வளர வளர, வேக்ஃபீல்டும் லண்டன் பொதுவாழ்க்கையில் வளர்ந்தார். 1908-ல் சர் பட்டம் கிடைத்தது. 1915-ல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் ஆனார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1930-ல் பிரபுப் பட்டம், 1934-ல் அதற்கும் மேலான வைகவுன்ட் பட்டம்.

சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர் என்றும் பெயர் எடுத்தார். மருத்துவமனைகள், கல்வி, லண்டன் டவர் கோட்டையை ஒட்டிய டவர் ஹில் பகுதியைச் சீரமைக்கும் வேலை எனப் பலவற்றுக்குப் பணம் போனது. ஆனால் அவருக்குப் பெரிய புகழைக் கொடுத்தது வேறொரு செலவு. வேகத்துக்கும் விமானப் பயணத்துக்கும் அவர் கொடுத்த பணம்.

1909-ல் இருந்தே பந்தய மைதானங்களிலும் விமானக் காட்சிகளிலும் அவர் கம்பெனியின் பெயர்ப் பதாகைகள் தொங்கின. இன்று கிரிக்கெட் ஜெர்ஸி முதல் ரேஸ் பைக் வரை ஸ்பான்சர் பெயர் இல்லாத இடமே கிடையாது. அன்று அது புது யோசனை. யாராவது சாதனை படைத்தால், அந்த இன்ஜினுக்குள் இருந்தது எங்கள் ஆயில் என்று விளம்பரம் வரும். பார்ப்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: அந்த இன்ஜினையே காப்பாற்றிய ஆயில் என் வண்டியைக் காப்பாற்றாதா?

கேட்க சரியாகத்தான் இருக்கிறது. அதில் எங்கே ஓட்டை என்பது பிறகு.

1930 மே: ஒரு பழைய விமானம், 26 வயதுப் பெண்

எமி ஜான்சன், இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள். விமானம் ஓட்டக் கற்றதோடு நிற்காமல், விமான இன்ஜினைப் பழுதுபார்க்கும் லைசென்ஸும் வாங்கியவர். பிரிட்டனில் அந்த லைசென்ஸ் வாங்கிய முதல் பெண் அவர். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க வேண்டும் என்று கிளம்பினார். கையில் பணம் இல்லை. பல இடங்களில் கேட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தவர் வேக்ஃபீல்டு. செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி மாத் விமானம் வாங்க ஒரு பங்கை எமியின் அப்பா கொடுத்தார், இன்னொரு பங்கை வேக்ஃபீல்டு கொடுத்தார். வழியில் நிரப்புவதற்கான எரிபொருள் ஏற்பாட்டையும் பார்த்துக்கொண்டார்.

1930 மே 5-ம் தேதி லண்டன் அருகே குராய்டனில் இருந்து கிளம்பினார் எமி. ஆறாம் நாளில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்கு வந்து சேர்ந்தார். அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் தனியாக இந்தியாவுக்குப் பறந்து வந்ததில்லை. அடுத்து அலகாபாத்துக்குப் போகும் வழியில் எரிபொருள் தீர்ந்து, ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினார். கல்கத்தா தாண்டி ரங்கூன் அருகே இறங்கும்போது விமானம் பள்ளத்தில் விழுந்து சேதமானது. உள்ளூர்க்காரர்கள் உதவியோடு ஒட்டுப் போட்டு மறுபடியும் பறந்தார். மே 24-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் தரை இறங்கினார். ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண்.

உலகம் கொண்டாடியது அவர் துணிச்சலை. இன்ஜின் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நாள் முழுக்கப் பறந்து இறங்கிய பிறகு, மற்றவர்கள் தூங்கப் போகும் நேரத்தில், எமி ஸ்பேனரோடு இன்ஜினைத் திறந்து உட்கார்ந்தார். அதைத் தானே பராமரித்தார். பாலைவனத்து மணலிலும் பருவமழையிலும் அந்தப் பழைய விமானம் தாங்கியதற்குக் காரணம், ஸ்பான்சர் பெயர் மட்டும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் தவறாமல் நடந்த அந்த வேலை.

1930 ஜூன்: அதே ஸ்பான்சர், வேறு முடிவு

எமி டார்வினில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 13-ம் தேதி, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி.

சர் ஹென்றி சீக்ரேவ் அன்றைய வேக மன்னர். முந்தைய ஆண்டுதான் கோல்டன் ஆரோ காரில் மணிக்கு சுமார் 372 கி.மீ. வேகம் தொட்டு, தரையில் உலக சாதனை படைத்திருந்தார். இப்போது தண்ணீரில் சாதனை படைக்க மிஸ் இங்கிலாந்து 2 என்ற படகோடு வந்தார். உள்ளே இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜின்கள். படகுக்குப் பணம் போட்டவர் வேக்ஃபீல்டு.

இரண்டு ஓட்டங்களின் சராசரி மணிக்கு சுமார் 159 கி.மீ. புதிய உலக சாதனை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது முறை போனபோது படகு கவிழ்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினியர் ஒருவர் அங்கேயே இறந்தார். சாதனை உறுதியான செய்தியைக் கேட்டுக்கொண்ட சிறிது நேரத்தில் சீக்ரேவும் உயிரிழந்தார்.

படகை மீட்டு, சரிசெய்து, மறு ஆண்டே வேறொரு ஓட்டுநரை வைத்து வேக்ஃபீல்டு மறுபடியும் சாதனைக்கு அனுப்பினார். அடுத்து மிஸ் இங்கிலாந்து 3 என்று புதுப் படகும் கட்டப்பட்டது. நாட்டின் பெருமைக்காகச் செய்தார் என்று அவரை மெச்சியவர்கள் நிறைய. பணம் அவருடையது, உயிர் அடுத்தவருடையது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரேஸ் ஆயில் ரோட்டுக்கு ஆகுமா?

இப்போது அந்த ஓட்டைக்கு வரலாம்.

வேக்ஃபீல்டு கம்பெனியின் பந்தய ஆயில், காஸ்ட்ரோல் ஆர். விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. அந்தக் கால மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் அது எரியும்போது வந்த இனிப்பான வாசத்தைப் பற்றி ரசிகர்கள் பல ஆண்டுகள் கழித்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தய இன்ஜினுக்கு அது அருமையான ஆயில்.

ஆனால் தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு அது சரிப்படாது. விளக்கெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் நாள்பட இருந்தால் கெட்டுப்போய், கோந்து மாதிரி பிசுபிசுத்து, பிஸ்டன் ரிங்கில் ஒட்டிக்கொள்ளும். பந்தயக்காரருக்கு இதனால் கவலை இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டுவார்கள். தினசரி வண்டியை யார் வாரா வாரம் பிரிப்பார்கள்? தாது எண்ணெய் ஓடிய இன்ஜினில் மேலோட்டமாக இதை ஊற்றினாலும் வம்புதான். இரண்டும் ஒழுங்காகச் சேராது.

இது வேக்ஃபீல்டு கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு எக்ஸ்எல், எக்ஸ்எக்ஸ்எல், காஸ்ட்ரோலைட் என்று வேறு வேறு கெட்டித்தன்மையில் தனித்தனி ஆயில்களை விற்றது. விளம்பரத்தில் பந்தயம். டப்பாவுக்குள் அந்தந்த வண்டிக்கேற்ற ஆயில். ரயில் காலத்தில் கற்ற பாடத்தை வியாபாரத்தில் அவர்கள் மறக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள்தான் சில சமயம் அதை மறந்தார்கள்.

கடைசி நாட்கள்

1930-களின் இறுதியில் வேக்ஃபீல்டுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. கென்ட் கடற்கரையில் உள்ள ஹைத் நகரத்தோடு அவருக்கு நெருக்கம் அதிகம். அந்த ஊருக்கு 1936-ல் மனைவியின் பட்டப் பெயரில் ஓர் உயிர்காக்கும் படகைப் பரிசளித்தார். 1940-ல் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய பிரிட்டிஷ் படையை மீட்க, கடற்படை அந்தப் படகையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த மீட்பில் இழந்த ஒரே உயிர்காக்கும் படகு அதுதான்.

1941 ஜனவரி 5-ம் தேதி, போர்க்கால விமானப் பணியில் இருந்த எமி ஜான்சன், தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில் விழுந்து இறந்தார். பத்து நாள் கழித்து, ஜனவரி 15-ம் தேதி வேக்ஃபீல்டும் காலமானார். வயது 81. பட்டத்துக்கு வாரிசு இல்லாததால் வைகவுன்ட் பட்டமும் அவரோடு முடிந்தது. 1960-ல் கம்பெனியின் பெயரே காஸ்ட்ரோல் என்று மாறியது. நிறுவனர் பெயர் மறைந்து, ஆயிலின் பெயர் நின்றுவிட்டது.

டப்பாவில் இருக்கும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

குளிரில் ஓட வேண்டும், சூட்டில் நிற்க வேண்டும் என்று 1909-ல் விளக்கெண்ணெயை வைத்துப் போராடிய அதே பிரச்சினைக்கு இன்றைய விடைதான் 10டபிள்யூ-30 போன்ற எண்கள்.

டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய, குளிரில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நம்மூரில் பனியே பெய்யாதே, முதல் எண் எதற்கு என்று கேட்கலாம். காலை நேரத்து 28 டிகிரியில்கூட ஆயில், ஓடிச் சூடான நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் முதல் எண்.

அடுத்து பார்க்க வேண்டியது ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு. காருக்கும் பைக்குக்கும் இதில்தான் முக்கிய வித்தியாசம். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே நனைந்து கிடக்கும். அவை ஒன்றையொன்று பிடித்தால்தான் வண்டி நகரும். சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கத் தனி ரசாயனம் சேர்ப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது.

கியர் பைக்குகளுக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு. எம்பி என்பது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் ஆயிலில் நனையாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. விலை உயர்ந்த ஸ்கூட்டர் ஆயிலை கியர் பைக்கில் ஊற்றுவது நல்லது செய்வதாக நினைத்து வம்பை வாங்குவது.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல்லி சிந்தெடிக் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்விதான். சிந்தெடிக் ஆயில் பொதுவாகச் சூட்டை நன்றாகத் தாங்கும், மெதுவாகக் கெடும். ஆனால் கிரேடும் ஜாசோ குறியீடும் வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால், சிந்தெடிக் என்ற ஒரே காரணத்துக்காக அது நல்ல ஆயில் ஆகிவிடாது.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? பைக்கோடு கொடுத்த யூசர் மேனுவலில். பெரும்பாலான வீடுகளில் ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸோடு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். எந்த கிரேடு, எந்தத் தரம், எவ்வளவு மில்லி, எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கும். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ, அப்போது மாற்றிவிட வேண்டும். புத்தகம் தொலைந்துவிட்டால் கம்பெனி இணையதளத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும்.

இடையில் அளவையும் பார்க்க வேண்டும். சாதாரண பைக்கில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். அதில் 300 மில்லி குறைந்தாலும் பெரிய குறைவு. இன்ஜினை ஆஃப் செய்து சில நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால் சரியான அளவு தெரியும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும். ஆயில் கறுத்துப்போனால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே உள்ள கரியை அது தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆனால் பால் கலந்த மாதிரி வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வேக்ஃபீல்டின் வாழ்க்கையை ரேஸ் வெற்றிகளாகவும் பட்டங்களாகவும் மட்டும் பார்த்தால், டப்பாவில் உள்ள படம்தான் கண்ணில் படும். அவர் தொழில் தொடங்கிய இடம் ரயில் இன்ஜினின் சிலிண்டரும் அச்சும். அங்கே யாரும் எது நல்ல ஆயில் என்று கேட்கவில்லை. எந்தப் பாகத்துக்கு என்றுதான் கேட்டார்கள். அடுத்த முறை மெக்கானிக் கேட்கும்போது, நல்ல ஆயிலா ஊத்துங்க என்பதற்குப் பதிலாக மேனுவலில் உள்ள அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.